வாகனக் கேள்வி பதில்: துணிக்கூரை மொறிஸ் மைனரின் எஞ்சினை எப்படிச் சோதிப்பது?

பழைய கார்களைப் பற்றிய கடிதங்கள் இம்முறை வழமையைவிட அதிகமாக வந்து சேர்ந்துள்ளன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின், முற்றத்து மாமரத்தின் கீழ் கிடந்தவற்றுக்கெல்லாம் விலை பேசப்பட்டதை யாழ்ப்பாணத்தில் அறியாதவர் இல்லை. வாங்கியவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே விடயத்தைத்தான் என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் எஞ்சினுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கன்வேர்ட்டிபிள் ஒன்றைக் கண்டிப் பக்கத்தில் வாங்கி, கடந்த மாதம் லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பார்க்கப் போன அன்று ஸ்ராட்டரை இழுத்தவுடனேயே எஞ்சின் பிடித்தது. வீட்டுக்கு வந்தபின், காலையில் ஸ்ராட் செய்யும்போது கொஞ்சம் நீலப் புகை வந்து, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ஒரு திருத்துநர் எஞ்சினை இறக்கி முழுவேலை செய்ய வேண்டும் என்கிறார். இன்னொருவர், “ஒண்டும் செய்ய வேண்டாம், போட்டு ஓடுங்கோ” என்கிறார். எவர் சொல்வதைக் கேட்பது? எஞ்சினின் நிலையை நானே அறிந்துகொள்ள வழி உண்டா?
— வாசகர், கோப்பாய்

பதில்: இருவருமே அளந்து பாராமல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். எஞ்சினை இறக்குவது ஒருநாள் வேலை. இறக்கியபின் நல்ல நிலையில் இருந்த பாகங்களையும் “திறந்தது திறந்ததுதானே” என்று மாற்றிவிடுவது வழக்கம். ஆகவே திறப்பதற்கு முன், திறக்காமலே அறியக்கூடிய எல்லாவற்றையும் அறிந்துவிடுங்கள். அதற்குத் தேவையானவை ஒரு கம்பிரஷன் மானி (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுக்கப்படுகிறது என்று காட்டுவது), ஒரு ஒயில் அழுத்த மானி, வண்டியோடு வந்த ஸ்ராட்டிங் ஹாண்டில், இரண்டு காலைப் பொழுதுகள் ஆகியவை மட்டுமே.

முதலில் பொனற்றுக்குள் இருப்பது எந்த எஞ்சின் என்பதை உறுதிசெய்ய வேண்டும். மொறிஸ் மைனர் 1948 இல் 918 சீசீ பக்கவால்வு எஞ்சினோடு வெளிவந்தது. 1952 இல் 803 சீசீ மேல்வால்வு எஞ்சினும், 1956 இல் 948 சீசீ எஞ்சினும், 1962 இல் 1098 சீசீ எஞ்சினும் அந்த இடத்துக்கு வந்தன. உங்கள் வண்டி 948 உடன் பிறந்தது. ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய வண்டியில் பிறந்த எஞ்சினே இருக்கும் என்று எண்ணக்கூடாது. இவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று இலகுவாகப் பொருந்துவதால், 1098 ஏற்றப்பட்டிருப்பது சர்வசாதாரணம். எஞ்சினின் வலப்புறத்தில், டைனமோவுக்கு மேலே, ஆணியடித்த சிறிய தகடு ஒன்று இருக்கும். இலக்கம் 9எம் என்று தொடங்கினால் 948, 10எம்ஏ என்று தொடங்கினால் 1098. அதன் பின் வரும் எழுத்துகளில் எச் இருந்தால் உயர் அமுக்க எஞ்சின், எல் இருந்தால் தாழ் அமுக்க எஞ்சின். பின்னால் கம்பிரஷன் அளக்கும்போது இந்த ஓர் எழுத்துத் தெரியாவிட்டால் நல்ல எஞ்சினையும் கெட்டதென்று எண்ணிவிடுவீர்கள். அந்த இலக்கம் பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

அடுத்ததாக, நீங்கள் பார்க்கப் போன அன்று எஞ்சின் உடனே பிடித்தது என்கிறீர்கள். அப்போது பொனற்றில் கைவைத்துப் பார்த்தீர்களா? விற்பவர் காலையிலேயே ஒருதடவை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், நீங்கள் இப்போது காணும் காலைப் புகையை அன்று கண்டிருக்க வழியே இல்லை. இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த எஞ்சினில்தான் சோதனையைத் தொடங்க வேண்டும்.

காலையில் எதையும் தொடுவதற்கு முன் ஒயில் பார்க்கும் கம்பியை உருவிப் பாருங்கள். அளவு மட்டும் போதாது. இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்து, முகர்ந்தும் பார்க்க வேண்டும். பெற்றோல் மணந்தால் காபரேற்றர் நிரம்பி வழிகிறது அல்லது சோக் நீண்டநேரம் இழுபட்டிருக்கிறது. வழக்கத்துக்கு மாறாகத் தேன்போலத் தடித்திருந்தால், சத்தத்தை மறைக்க யாரோ தடித்த ஒயில் விட்டிருக்கக்கூடும். ஒயில் மூடியின் உட்புறத்தில் பால்நிறக் களிம்பு படிந்திருந்தால் கவனமாக இருங்கள். குளிர்நாடுகளில் அது வெறும் ஈரப்பதனாகவும் இருக்கலாம். நம்முடைய வெயிலில் ஓடும் வண்டியில் அதைக் கண்டால், தண்ணீர் ஒயிலுக்குள் போகிறதா என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும்.

இனி ஹாண்டிலை எடுங்கள். இது இன்றைய கார்களில் இல்லாத ஒரு பேறு. சாவியை அணைத்து, கியரை நடுவில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, முன்புறத்துத் துவாரத்தினூடாக ஹாண்டிலைச் செருகிக் கீழிருந்து மேல்நோக்கி மெதுவாக இழுங்கள். பெருவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைச் சுற்றிப் பிடித்தால், எஞ்சின் திருப்பி அடிக்கும்போது பெருவிரல் முறியும். இரண்டு முழுச்சுற்றுக்குள் நான்கு தடவை கை கனக்க வேண்டும். ஒவ்வொரு கனத்திலும் சற்று நிறுத்தி, அழுத்தியபடியே நில்லுங்கள். நல்ல சிலிண்டர் வில்லைப்போலக் கையைத் திருப்பித் தள்ளும். நோயுள்ள சிலிண்டர் மெல்ல மெல்லக் கனம் இழந்து நழுவிப் போகும். நழுவும்போது “ஸ்ஸ்” என்று எங்கே கேட்கிறது என்று வீட்டில் ஒருவரை நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். காபரேற்றர் வாயில் கேட்டால் உள்ளிழுக்கும் வால்வும், சைலன்சர் குழாயில் கேட்டால் வெளியேற்றும் வால்வும், ஒயில் மூடியைத் திறந்த வாயில் கேட்டால் பிஸ்ரனைச் சுற்றியுள்ள றிங்கும் காற்றை விடுகின்றன. காசு செலவில்லாத இந்த ஒரு சோதனையில், பாதிச் செய்தி கைக்கு வந்துவிடும்.

பிறகு சாவியைப் போடுங்கள். ஸ்ராட்டரை இன்னும் இழுக்க வேண்டாம். பொனற்றுக்குள் இருக்கும் மின்சாரப் பெற்றோல் பம் “டக் டக் டக்” என்று விரைவாக அடித்து, காபரேற்றர் நிறைந்ததும் அடங்க வேண்டும். அடங்காமல் சில நொடிகளுக்கு ஒருதடவை அடித்துக்கொண்டே இருந்தால், எங்கேயோ பெற்றோல் ஒழுகுகிறது அல்லது மிதவை வால்வு மூடவில்லை. பம் அடங்கியபின் ஸ்ராட் செய்து, ஒயில் விளக்கு இரண்டு மூன்று நொடிகளில் அணைகிறதா என்று பாருங்கள்.

முதல் நிமிடத்துச் சத்தம் முக்கியமானது. மேலே இலேசான “டிக் டிக்” கேட்டால் அது வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புக்கும் நடுவே விடப்படும் இடைவெளி. இந்த எஞ்சினுக்கு அது ஓரளவு இயல்பு. சத்தமே இல்லாத மைனர் எனக்கு அச்சம் தரும்; இடைவெளியை இறுக்கிச் சத்தத்தை அடக்கியிருந்தால் வெளியேற்றும் வால்வுகள் சரியாக மூடாமல் எரிந்துபோகும். முன்புறத்தில் சங்கிலி உரசுவதைப்போலக் கேட்டால் அது உண்மையிலேயே சங்கிலிதான், அவசரமில்லை. அடியிலிருந்து கனத்த முழக்கம் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள்.

புகைக்கு வருவோம். இரவில் வால்வுத் தண்டுகளின் வழியே சிறிது ஒயில் இறங்கிச் சிலிண்டரில் தங்கும். காலையில் அது எரிந்து முடிந்ததும் புகை நின்றுவிடும். உங்கள் வண்டியில் நடப்பது பெரும்பாலும் இதுவே. இதற்குக் காரணம் வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்களான வால்வு வழிகாட்டிகள் தேய்ந்திருப்பதோ, தண்டில் உள்ள இறப்பர் வளையங்கள் காய்ந்து இறுகியிருப்பதோ ஆகும். இரண்டையும், சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டை மட்டும் கழற்றிச் சரிசெய்யலாம். எஞ்சினை இறக்கத் தேவையில்லை. பிஸ்ரன் றிங் தேய்ந்த எஞ்சின் காலையில் மட்டும் புகைப்பதில்லை. அது சூடேறியபின், அழுத்தி ஓடும்போது புகைக்கும்.

அதை அறிய வண்டியை வீதிக்குக் கொண்டுபோக வேண்டும். குடாநாட்டில் ஓர் ஏற்றம் கிடையாது என்பதால், இங்கே எஞ்சின் தன் முழுப்பலத்தையும் காட்ட வேண்டிய வேளையே வருவதில்லை. கண்டியில் ஓடிய வண்டி இங்கு வந்ததும் சுகமாகிவிட்டதாகத் தோன்றுவது இதனால்தான். நான் செய்வது என்னவென்றால், சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் நாளில் பண்ணைத் தாம்போதியில் எதிர்காற்றுக்கு ஓட்டி, மணிக்கு 25 மைல் வேகத்தில் நான்காம் கியரிலேயே வைத்து முழுவதுமாக மிதிப்பேன். எஞ்சின் வருந்தும்; அப்போது சல்லிக்காசுகளைக் குலுக்கினாற்போல ஒலித்தால் பற்றவைப்பு (பிளக் பொறி விடும் நேரம்) முந்தியிருக்கிறது அல்லது உள்ளே கரி படிந்திருக்கிறது. பிறகு மிதியை விட்டுவிட்டுச் சில நொடிகள் உருளவிட்டு, மறுபடி மிதியுங்கள். மறுபடி மிதித்த கணத்தில் நீலப் புகை திரளாக வந்தால் வால்வு வழிகாட்டி. மிதித்துக்கொண்டிருக்கும் வரை தொடர்ந்து வந்தால் றிங். கூரையை மடக்கிவிட்டு அருகில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கச் சொன்னால் போதும். கன்வேர்ட்டிபிள் வாங்கியதால் இந்த ஓர் இடத்தில் உங்களுக்கு வேலை இலகு.

இருபது நிமிட ஓட்டத்துக்குப்பின், எஞ்சின் சூடாக இருக்கும்போதே, ஒயில் விளக்கின் சுவிச்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்த மானியைப் பூட்டுங்கள். விளக்கை நம்ப வேண்டாம். மிகக் குறைந்த அழுத்தத்திலேயே அது அணைந்துவிடும். ஓட்ட வேகத்தில் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அளவில் இருந்தால் மிக நன்று, 40 க்கு மேல் இருந்தால் ஓடலாம். சூடான எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது 15 இறாத்தலுக்குக் கீழே விழுந்தால், பெயரிங்குகளைப் பற்றி யோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

இறுதியாகக் கம்பிரஷன். நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு நல்ல எஞ்சினைக் கொன்ற கதை இதில் உண்டு. மானியில் நான்கு சிலிண்டரும் சதுர அங்குலத்துக்கு 70 இறாத்தல் காட்டின. உரிமையாளரிடம் “முடிந்துவிட்டது” என்று சொல்லி இரண்டு நாள் செலவழித்து முழுவதையும் பிரித்தேன். உள்ளே குறை சொல்ல ஒன்றும் இல்லை. பற்றறி இறங்கியிருந்தது, திறொட்டிலையும் நான் திறந்து பிடிக்கவில்லை. எஞ்சினுக்குக் காற்றே போகாதபோது அது எதை அமுக்கும்? ஆகையால் பற்றறி நிறைந்திருக்க வேண்டும், எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்குகளையும் கழற்ற வேண்டும், கொயிலின் வயரை எடுத்துவிட வேண்டும், ஒருவர் மிதியை அடிவரை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் மானி ஐந்து தடவை துள்ளும்வரை சுற்றி, எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

உயர் அமுக்க 948 எஞ்சினில் 130 முதல் 160 வரை வந்தால் மகிழுங்கள். ஆனால் எண்ணின் உயரத்தைவிட நான்கும் ஒத்திருப்பதையே நான் பார்ப்பேன். நான்கும் 115 என்றால் அது முதுமை. மூன்று 140 ஆக இருக்க ஒன்று 95 என்றால் அது நோய். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு, அதிலும் நடுவில் உள்ள இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்கள் இரண்டும் ஒன்றாகக் குறைந்திருந்தால், அவற்றின் இடையே, ஹெட்டுக்குக் கீழே இருக்கும் ஹெட் கஸ்கெற் என்ற தகடு எரிந்திருக்கிறது. இந்த எஞ்சினில் அந்த இரண்டும் ஒரே வெளியேற்றும் வாயைப் பகிர்வதால் நடுப்பகுதிதான் எப்போதும் அதிகம் சுடும்.

மானிகளையோ வேறு மின்சாதனங்களையோ பூட்டும் முன் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வண்டிகளில் பற்றறியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டு வந்தது. பிறகு மாற்றியவர்களும் உண்டு. எந்தக் கம்பி தகரத்தோடு பூட்டப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டே எதையும் இணைக்க வேண்டும்.

என் முடிவைக் கேட்டால், ஹாண்டிலில் நான்கும் ஒத்துக் கனத்து, கம்பிரஷனும் ஒயில் அழுத்தமும் மேற்சொன்ன அளவுக்குள் இருந்தால், அந்தக் காலைப் புகையோடு பல ஆண்டுகள் ஓடலாம். எஞ்சினை இறக்கும் பணத்தில் ஒரு பகுதியை வண்டியின் அடித்தகரத்தைப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். தகரக்கூரை இல்லாத வண்டியில் வளையாமல் தாங்குவது கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டித் தகரமே. அது உக்கியிருந்தால் எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

கேள்வி: என் கணவர் ட்ரயம்ப் ஹெரால்ட் கன்வேர்ட்டிபிள் ஒன்றை வாங்கியிருக்கிறார். 1200 வகை. ஆறு ஆண்டுகளாக ஸ்ராட் செய்யப்படவில்லையாம். அயலவர்கள் சேர்ந்து தள்ளி ஸ்ராட் செய்து பார்க்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?
— வாசகி, கரவெட்டி

பதில்: தயவுசெய்து செய்ய விடாதீர்கள். ஆறு ஆண்டுகளில் சிலிண்டர்ச் சுவரில் இருந்த ஒயில் முழுவதும் வழிந்து இறங்கியிருக்கும். றிங்குகள் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கவும் கூடும். நான்கு பேரின் பலத்தோடு அதை உலுக்கினால் றிங் உடைந்து சுவரைக் கீறும். திறந்துகிடக்கும் ஒரு வால்வு ஒட்டிக்கொண்டிருந்தால் தள்ளுகோலும் வளையும்.

ஹெரால்டின் பொனற் முன்புறமாக முழுவதும் சாய்ந்து திறப்பதால், இந்த வேலையை முன் சில்லின் மேல் அமர்ந்துகொண்டே செய்யலாம். நான்கு பிளக்குகளையும் கழற்றி, மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு தேக்கரண்டி விட்டு, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிறகு முன்புறக் கப்பியின் நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் மகிழ்ச்சி. சுற்றாவிட்டால் மறுபடி ஊற்றிக் காத்திருங்கள். நீளக்குழாய் பூட்டி நெம்ப வேண்டாம். வால்வு மூடியைக் கழற்றி, சுற்றும்போது எட்டு வால்வுகளும் ஏறி இறங்குகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

தாராளமாகச் சுற்றத் தொடங்கியபின் பழைய ஒயிலை வடித்துவிட்டுப் புதிய ஒயிலும் வடிகட்டியும் போட்டு, பிளக்குகள் இல்லாமலே ஸ்ராட்டரால் சுற்றி, ஒயில் விளக்கு அணைந்த பின்னரே பிளக்குகளைப் பூட்டுங்கள். தாங்கியில் உள்ள பெற்றோல் வார்னிஷைப்போல மணக்கும்; அதை ஒரு துளியும் காபரேற்றருக்கு விடக்கூடாது. முதல் ஓட்டத்துக்குச் சிறிய போத்தல் ஒன்றில் புதிய பெற்றோல் போதும்.

ஹெரால்டுக்கே உரிய ஒரு நோயைச் சொல்லாமல் விடமுடியாது. பிஸ்ரன்கள் சுழற்றும் அதன் கிராங்க் தண்டு முன்னும் பின்னும் அசையாமல் தடுப்பவை இரண்டு அரைவட்டத் தகடுகள் மட்டுமே. அவை தேய்ந்து கீழே விழுந்தால் கிராங்க் தண்டு எஞ்சின் உடலையே அரைக்கும். பிறகு அந்த எஞ்சினைக் காப்பாற்றுவது கடினம். ஒருவர் கிளச்சை மிதித்து விட, மற்றவர் முன்புறக் கப்பியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கண்ணுக்குத் தெரியும்படி கப்பி முன்னே வந்து பின்னே போனால், வண்டியை ஒரு மைல்கூட ஓட்டாமல் அந்தத் தகடுகளை மாற்றுங்கள். அடித்தட்டைக் கழற்றினால் எஞ்சினை இறக்காமலே மாற்றலாம்.

கேள்வி: நான் வாங்கிய மொறிஸ் மைனர் பத்து மைல் ஓடியதும் கொதிக்கிறது. றேடியேற்றரைக் கழற்றிக் கழுவியாயிற்று. தேர்மோஸ்ராற்றையும் ஒருவர் கழற்றி எறிந்துவிட்டார். எஞ்சின் பழுதா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: உங்கள் வீட்டுக் கேத்தலின் உட்புறத்தைப் பாருங்கள். நம் சுண்ணக்கற் பூமியின் கிணற்றுநீர் அதில் படிய வைத்திருக்கும் வெள்ளைப் படைதான் எஞ்சினுக்குள்ளும் படிந்திருக்கிறது. எத்தனை உரிமையாளர்கள் எத்தனை ஆண்டுகள் வாளியில் கிணற்றுநீர் அள்ளி ஊற்றினார்களோ, அத்தனையும் உள்ளே கல்லாக நிற்கும். றேடியேற்றரைக் கழுவினீர்கள், எஞ்சின் கட்டையைக் கழுவவில்லை. தண்ணீர்ப் பம் முன்புறத்தில் இருப்பதால் நீரோட்டம் குறைந்த பின்பகுதியில், நான்காம் சிலிண்டரைச் சுற்றியே சேறு தங்கும். கட்டையின் பின்பகுதியில் ஒரு வடிகுழாய் இருக்கிறது. அதைத் திறந்து பாருங்கள். ஒரு சொட்டும் வராமல் இருந்தால் வியப்பில்லை. குழாயை முற்றாகக் கழற்றி, துவாரத்தில் கம்பி விட்டுக் கிளறினால் செங்கல் நிறச் சேறு இறங்கும். தெளிந்த நீர் வரும்வரை மேலிருந்தும் கீழிருந்தும் மாறிமாறி நீரைப் பாய்ச்சுங்கள்.

அதற்குப் பின்னும் கொதித்தால் ஹெட் கஸ்கெற்றைச் சோதிக்கலாம். குளிர்ந்த எஞ்சினில் றேடியேற்றரின் மூடியைத் திறந்து வைத்து ஸ்ராட் செய்து, சற்று வேகம் கூட்டிப் பாருங்கள். தொடக்கத்திலிருந்தே நீர்க்குமிழிகள் வரிசையாக வந்தால் சிலிண்டர்க் காற்று தண்ணீருக்குள் போகிறது.

தேர்மோஸ்ராற்றை எறிந்தது தவறு. வெப்பநாட்டுக்கு அது தேவையில்லை என்ற எண்ணம் இங்கே மிகப் பழையது. ஆனால் குளிர்ந்தே ஓடும் எஞ்சினில் ஒயில் கெடும், சிலிண்டரும் விரைவில் தேயும். 74 பாகை செல்சியஸில் திறக்கும் ஒன்றை வாங்கிப் போடுங்கள். றேடியேற்றருக்கு இனிக் கிணற்றுநீர் வேண்டாம். மாரியில் பிடித்து வைத்த மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ கூலன்ரோடு கலந்து ஊற்றலாம். மூடியும் பழைய வண்டிக்குரிய 7 இறாத்தல் மூடியாக இருக்கட்டும். இன்றைய ஜப்பான் காரின் மூடி அந்தப் பழைய பித்தளையின் ஒட்டுகளைப் பிரித்துவிடும்.

கேள்வி: நான் வாங்கிய வண்டி தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடியதாக விற்றவரே சொன்னார். அந்தப் பாதிப்பு இன்னும் இருக்குமா?
— வாசகர், நல்லூர்

பதில்: போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டாத வண்டி யாழ்ப்பாணத்தில் அரிது. தெருவெல்லாம் அந்த வாசம் இருந்ததை நினைவுள்ளவர்கள் மறக்கமாட்டார்கள். மண்ணெண்ணெய் முழுவதும் ஆவியாகாமல் சிலிண்டர்ச் சுவரைக் கழுவி, றிங்குகளைக் கடந்து ஒயிலுக்குள் இறங்கி, அதை நீர்க்கச் செய்யும். தேய்மானம் அதனாலேயே வந்தது. ஆனால் அப்படி ஓடிய எஞ்சின் அதற்குப்பின் ஒருதடவையாவது திறக்கப்படாமல் இன்றுவரை வந்திருக்க முடியாது. ஆகவே மண்ணெண்ணெயைவிட, அதற்குப்பின் வேலைசெய்தவரின் கையையே நாம் சோதிக்க வேண்டும்.

எப்போதாவது ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் பிஸ்ரனின் தலையைத் துடைத்துப் பாருங்கள். 20, 30, 40 என்று எண் பொறித்திருந்தால் சிலிண்டர் அத்தனை தௌ, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் அத்தனை பங்கு, கடைந்து பெரிதாக்கப்பட்டிருக்கிறது. 40 என்றிருந்தால் அடுத்த தடவை புதிய சிலிண்டர்க் குழல் போட வேண்டிவரலாம். விலை பேசும்போது தெரிந்திருக்க வேண்டிய விடயம் இது. மற்றொன்று, மண்ணெண்ணெய்க்காகப் பற்றவைப்பைப் பிந்தவைத்தவர்கள் பலர். யாரும் அதைத் திருப்பி வைக்காமல் விட்டிருந்தால், வண்டி பெற்றோலில் சோம்பலாக இழுத்து, காரணமின்றிச் சூடாகும். கைநூலில் உள்ள அளவுக்கு அதைத் திருத்தினாலே சிலர் “எஞ்சின் புதிதாகிவிட்டது” என்கிறார்கள்.

கேள்வி: ஈயமில்லாத பெற்றோல் பழைய எஞ்சினைக் கெடுக்குமா? ஹெட்டில் கடினமான வால்வு ஆசனங்கள் போட்டே ஆகவேண்டுமா?
— வாசகர், மானிப்பாய்

பதில்: இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் முடிந்துவிட்டது. அன்று முதல் ஓடிவரும் வண்டி, கெடுவதாக இருந்தால் அதன் அடையாளத்தை ஏற்கெனவே காட்டியிருக்கும். ஈயம் இல்லாதபோது வெளியேற்றும் வால்வின் ஆசனம் சிறிதுசிறிதாகத் தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் அமிழும். அமிழ அமிழ வால்வு இடைவெளி குறையும். ஆகவே இடைவெளியை இன்று 12 தௌ அளவுக்கு வைத்து, ஆயிரம் மைலுக்குப்பின் மறுபடி அளந்து பாருங்கள். மாறாமல் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். குறைந்துகொண்டே போனால், அடுத்து ஹெட்டைக் கழற்றும்போது கடின ஆசனங்களைப் போடுங்கள். யாழ்ப்பாணத்து வீதிகளில் 40 மைல் வேகத்துக்குள் ஓடும் வண்டிக்கு இது மெதுவாகவே வரும் நோய்.

இடைவெளியை அளப்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. முன்னிருந்து பின்னாக வால்வுகளை ஒன்று முதல் எட்டு வரை எண்ணுங்கள். எட்டாம் வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வை அளக்க வேண்டும். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. நான்காவது திறந்திருந்தால் ஐந்தாவது. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். குளிர்ந்த எஞ்சினிலேயே அளக்க வேண்டும்.

கேள்வி: என் மைனரின் கியர்பொக்ஸ் தொடங்கும் இடத்தில், ஒரு துவாரத்தில் சிறிய கம்பிப் பின் ஒன்று தொங்குகிறது. அதன் வழியே ஒயில் சொட்டுகிறது. நாளுக்கு நான்கு ஐந்து சொட்டு. பின்னை எடுத்துவிட்டுத் துவாரத்தை அடைத்துவிடலாமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அடைக்க வேண்டாம். அந்தத் துவாரமும் பின்னும் அங்கே வைக்கப்பட்டதே சொட்டுவதற்காகத்தான். வண்டி குலுங்கும்போது பின் ஆடி ஆடித் துவாரத்தைத் திறந்தே வைத்திருக்கும். இந்த எஞ்சினின் பின்புறத்தில் இறப்பர் ஸீல் கிடையாது. கிராங்க் தண்டில் வெட்டிய புரிதான் ஒயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது, அது நின்றுபோன எஞ்சினில் வேலை செய்யாது. துவாரத்தை அடைத்தால் அந்த ஒயில் கிளச்சில் ஏறி, வண்டி புறப்படும்போது நடுங்கும். கீழே ஒரு பழைய தகரத் தட்டை வைத்துவிடுங்கள். நாளுக்கு ஐந்து சொட்டு என்பது ஓடியபின் ஒரு கைப்பிடி அகலக் கறையாக மாறினால், அப்போது ஒயில் மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, அந்த வாயிலிருந்து புகை தள்ளுகிறதா என்று பார்த்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.